நான்காம் எண் கதைக்கு நான் எழுதிய காரணம்

ஐயா, இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எங்கள் ஊர் மாரியம்மன் மேல் ஆணை, என் இரண்டு கண் மேல் ஆணை. நான் சத்தியம் செய்தால் எருத்தேன்பதியில் சிரிப்பார்கள். ஆறுச்சாமி சத்தியம் பண்ணிவிட்டானா, அப்படியானால் இன்றைக்குப் பெரிதாக ஒன்று வருகிறது என்று டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். நீங்கள் வேறு ஊர்க்காரர் என்பதால் தைரியமாகச் செய்கிறேன். எங்கள் ஊர் கேரளத்தில் இருந்தாலும் தமிழ் ஊர்; எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. நீங்கள் ஆளை வைத்து மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

கதைகளுக்கு மதிப்பெண் போடுவது வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதுபோலச் சுலபமான வேலை அல்ல. முதலில் இதை ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வாசகசாலையில் சிறுகதைப் போட்டி வைத்தார்கள். செயலாளர் பொங்கியண்ணன் என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"போட்டின்னா பெரிசா ஒண்ணுமில்லீங்க, சும்மா ஒரு சந்தோசத்துக்கு. நீங்கதானுங்க நடுவர்."

"எனக்கென்னப்பா தெரியும்?"

"ஊருக்குள்ள உங்களாட்டம் புளுக ஆருக்குங்க வருது? நெல்லு யாவாரிதானுங்க நெல்லுக்கு வெல சொல்லோணும்."

மறுக்க முடியவில்லை. பரிசு மறையூர் உருண்டை வெல்லம், தேங்காய் அளவில் ஒன்று. கதையில் பெயர் இருக்காது, எண் மட்டும். நடுவர் ஒவ்வொரு கதைக்கும் கீழே மதிப்பெண்ணையும் அதற்கான காரணத்தையும் சிவப்பு மையில் எழுத வேண்டும். பிறகு எல்லாக் கதைகளையும் வாசகசாலையில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நடுவரைக் கேள்வி கேட்கலாம். இந்தக் கடைசி ஏற்பாடு பொங்கியண்ணனின் யோசனை. அவன் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஐந்து கதைகள் வந்தன. இரண்டாம் எண், தோட்டத்து மோட்டாருக்கு ஒரு பேய் கரண்டு கனெக்‌ஷன் வாங்கிக் கொடுக்கும் கதை. நஞ்சப்பன் எழுதியது என்று கையெழுத்திலேயே தெரிந்தது. ஐம்பதுக்கு இருபத்தெட்டு போட்டேன். 'பேயை நம்ப முடிகிறது, கனெக்‌ஷனை நம்ப முடியவில்லை' என்று காரணம் எழுதினேன். அவனே படித்துவிட்டுச் சிரித்தான். நான் எவ்வளவு நியாயமாக வேலை பார்த்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்காம் எண் கதையை இரண்டு வரி படித்ததுமே தெரிந்துவிட்டது, எழுதியவள் வள்ளியாத்தாள். எட்டாவது வரை படித்தவள். என் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரி. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடும் முறை. அவள் புருஷன் சென்னிமலை நான்கு வருஷத்துக்கு முன், எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், ஒரு மத்தியான நேரம் காணாமல் போனான். அவள் அண்ணன்மார் பொள்ளாச்சியிலிருந்து வந்து, காட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று வருஷா வருஷம் கூப்பிடுகிறார்கள். அவர் வந்தால் பூட்டிய வீட்டையா பார்ப்பார் என்று சொல்லி இவள் போகவில்லை.

கதையும் அதுதான். ஒருத்தியின் புருஷன் சொல்லாமல் போகிறான். அவனைச் சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை போடும் இடத்தில் ஒருவர் பார்க்கிறார். அடுத்த வருஷம் மறையூர் பஸ் ஸ்டாண்டில், தாடி நரைத்து, மூணாறு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பார்க்கிறார். கடைசியில் ஒரு சாயங்காலம் அவன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். உள்ளே எட்டிப் பார்த்து, "மோரு இருக்குதா?" என்று கேட்கிறான். அவள் பானையை எடுக்கப் போகிறாள். அத்தோடு முடிகிறது.

அந்தச் சூரியநெல்லியும் மறையூரும் நான் சொன்னவை. சூரியநெல்லிக்கு நான் போனதே கிடையாது. அவள் முகத்தைப் பார்க்கும்போது ஏதாவது சொல்லத் தோன்றும், சொல்லிவிடுவேன். தாடி நரைத்ததுகூட மூன்றாம் வருஷம் நான் சேர்த்ததுதான். வருஷம் போகிறதல்லவா, நரைக்காமல் இருந்தால் நம்ப மாட்டாள்.

என் சரக்கு இன்னொருவர் கையில் இவ்வளவு அழகாக வந்ததைப் படித்தபோது கண் கலங்கியது. நடைக்கு முழு மதிப்பெண் போட்டேன். முடிவுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த முடிவு சரியில்லை. அதற்கும் முழுசாகப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஒரு வெல்ல உருண்டைதானே. ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் தெரிந்தே தப்பாக மதிப்பெண் போடக் கூடாது. அறுபத்தாறு வயது வரை நான் வாய் திறந்து உண்மை சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் கை தானாக எழுதியது: 'நடை நன்று. முடிவு ஒப்பவில்லை. இவன் திரும்பி வரமாட்டான்.'

மறுநாள் காலையில் கதைகளைத் தொங்கவிட்டார்கள். கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. வள்ளியாத்தாள் தன் தாளின் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"பெரியப்பா, இவன் திரும்பி வரமாட்டான்னு எழுதியிருக்கீங்களே, அது உங்களுக்கெப்படீங்க தெரியும்?"

"கதைக்குச் சொன்னேன் அம்மிணி."

"கதையில அவுரு வந்துட்டாருங்களே. நான் வர வெச்சிருக்கேனுங்களே."

பொங்கியண்ணன் இடையில் புகுந்தான். "வெல்லம் கெடைக்கலீன்னு கோவமா புள்ளைக்கு?"

யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

"வராத ஆளைப் பத்தி நான் எழுதவே இல்லீங்க. நீங்க ஆரைப் பத்தி எழுதினீங்க பெரியப்பா?"

நான் தண்ணீர் கேட்டேன். யாரும் எடுத்துத் தரவில்லை. அவள் குரலை உயர்த்தவே இல்லை, ஐயா. அப்படியே நின்று இன்னொன்று கேட்டாள்.

"அவுரு காணாமப் போன மறுநாளு, உங்க மேக்கால காட்டுப் பழைய கெணத்த எதுக்குங்க மூடுனீங்க?"

இதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியாமல் போயிற்று. ஆகையால் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னிமலை நல்ல பையன். ஒரே ஒரு கெட்ட பழக்கம். நான் டீக்கடையில் கதை சொல்லும்போது குறுக்கே கேட்பான். எந்த வருஷம், யார் பார்த்தது, சாட்சி எங்கே. இருபது பேர் வாய் பிளந்து கேட்கும் இடத்தில் ஒருவன் இப்படிக் கேட்டால் கதை செத்துப்போகும். அந்தச் சித்திரையில் நான் ஒன்று சொன்னேன். மறையூரில் ஆற்றில் போடும் கரும்புச் சக்கை பூமிக்குள் ஓடிவந்து என் பழைய கிணற்றில் மிதக்கிறது, அதனால் அந்தத் தண்ணீரே இனிக்கிறது என்று. நல்ல கதை. எல்லாரும் தலையாட்டினார்கள். இவன் மட்டும் எழுந்தான்.

"வாங்க மாமா, போய்ப் பாத்துப்போடலாம். சக்கை மொதந்துச்சுன்னா நான் மொட்டை அடிச்சுக்கறேன். இல்லீன்னா நீங்க இனிக் கதையே சொல்லக் கூடாதுங்க."

அப்போது விட்டுவிட்டான். மறுநாள் மத்தியானம் என் காட்டுக்கே வந்து நின்றான். வள்ளியாத்தாளும் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரரும் களை எடுக்கப் போயிருந்த நேரம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அவன் விளிம்பில் குனிந்து பார்த்தான். "ஒண்ணையும் காணமுங்களே மாமா," என்று சிரித்தான். விழுந்துவிடக் கூடாதே என்று அவன் முதுகில் கை வைத்திருந்தேன். கால் சறுக்கியது. என் கை பிடிக்கிற கையாக இருந்ததா வேறு மாதிரி இருந்ததா என்று நான்கு வருஷமாக யோசிக்கிறேன். பிடிக்கிற கைதான்.

அடியில் முழங்கால் தண்ணீர். அவனுக்கு இடுப்போ தொடையோ முறிந்திருக்க வேண்டும், எழ முடியவில்லை. ஆனால் பேசினான். "மாமா, வாங்க மாமா," என்றான். நாற்பதடி ஆழம், நான் வயசாளி, தனி ஆள், கையில் கயிறு கிடையாது. என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். கயிறு எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினேன்.

வழியில் டீக்கடை. நான்கைந்து பேர் இருந்தார்கள். "என்னுங்க, நேத்து அந்த வெல்லம் காய்ச்சுன யானை கதையப் பாதியில விட்டுப்போட்டீங்க?" என்றார்கள். சென்னிமலை அங்கே இல்லை. குறுக்கே கேட்க ஆளில்லை. அப்படி ஒரு கூட்டம் எனக்கு வெகுநாளாக வாய்க்கவில்லை. கதையைப் பாதியில் விட்டால் யானை பாவம். சொல்லி முடித்தேன். அன்றைக்குப்போல நான் என்றுமே சொன்னதில்லை. பிறகு கயிற்றோடு போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை.

அதற்கப்புறம் ஊரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? மறுநாள் காலையில், மாடு கன்று விழுகிற கிணறு, மூடிவிடலாம் என்று சொன்னேன். புண்ணியம் என்று நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். முதல் வண்டிக் கல்லை நானே தனியாகக் கொட்டிவிட்டிருந்தேன். மீதிக் கல்லுக்கு என் வண்டி போதவில்லை. வள்ளியாத்தாள் தன் வண்டியையும் மாட்டையும் கொடுத்தாள். அவர் இருந்தால் அவரே ஓட்டிவருவாருங்க, எங்கே போனாரென்று தெரியவில்லை என்றாள். இரண்டு நாள் அவள் மாடுகள்தான் கல் இழுத்தன.

ஆக, நடந்தது இதுதான். ஒரு விபத்து, கயிறு இல்லாத ஒரு கிழவன். கையாலாகாதவனைத் தண்டிக்கச் சட்டத்தில் இடம் இருந்தால் தண்டியுங்கள். வள்ளியாத்தாள் உங்கள் ஸ்டேஷன் வாசலில் காலையிலிருந்து நிற்கிறாள், அவளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவள் கதையின் முடிவு ஏன் ஒப்பவில்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

நாளைக்குக் கிணற்றிலிருந்து கல்லை எடுக்க ஆள் வருவதாகச் சொன்னீர்கள். எடுக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் கிணற்றில் இறங்க, மேலிருந்து அடிவரைக்கும் கல்படி உண்டு.