மெஷின் வாற அன்னைக்கு

அம்பர்நாத்திலிருந்து மும்பைக்குத் திரும்பும் சாயங்கால லோக்கல் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒரே தொழிற்சாலை. முத்தையா பாய்லர்காரர், தாராவியில் வீடு. மற்றவர் ஆபீஸ்காரர், மாட்டுங்காவில் இறங்குபவர்.

“புகை அளக்க மெஷின் வாற அன்னைக்கு மட்டும் எனக்கு இருமலே வராது சார்” என்றார் முத்தையா.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“எப்படி வரும்? அன்னிக்கு மட்டும்தானே தூசி ஃபில்டரை ஃபுல்லா ஓட விடறா. மத்த நாள்ல கரெண்ட் மிச்சம் பண்றா” என்றார் ஆபீஸ்காரர்.

“அன்னைக்கு ராத்திரிதான் நல்லா தூங்குதேன்.”

“இனிமே நித்யம் தூங்கலாம். பர்மிட் ரூல் மாறியாச்சு. கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசியையும் அளக்கணுமாம். மெஷின் இனிமே காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கும்.”

“பக்காவா சார்? எங்க வைக்காவ, பாய்லர் பக்கத்துலயா?”

ஆபீஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கேட் ஓரமா, செடியெல்லாம் இருக்கே, அங்க. தூசி பறக்காம சுத்தித் தண்ணி தெளிக்க ஆள் தேடறா.”

டோம்பிவிலி வந்தது. முத்தையா இருமி முடிக்கும்வரை ஆபீஸ்காரர் காத்திருந்தார்.

“தேட வேண்டாம் சார். அந்த வேலைக்கு என்னையப் போட்டிருங்க.”