படத்துக்கு முந்திப் போன சேதி

...பின்வரிசையில ரெண்டு தலை ஆட ஆரம்பிச்சிடுச்சு. பார்த்துட்டேன், பார்த்துட்டேன்! சாப்பாடு அப்படி. சரி, பிரசங்கம் கொஞ்சம் ஓரமா இருக்கட்டும், ஒரு குட்டிக் கதை சொல்றேன். கேட்டுட்டு, அப்புறமும் தூக்கம் வந்தா தூங்குங்க.

ஒரு கண் ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி டவுன்ல. சுத்துப்பட்டு ஊர்கள்ல சின்னச் சின்ன கிளை. கிளையில கண்ணுக்குள்ள படம் எடுப்பாங்க, அது கம்ப்யூட்டர் வழியா டவுனுக்குப் போகும், டாக்டரம்மா பார்த்துச் சொல்லுவாங்க.

இதுக்கு ரெண்டு ஏற்பாடு. படத்தைக் கொண்டுபோய் இறக்குறது ஒண்ணு... ஃபைல் டிரான்ஸ்ஃபர்ம்பாங்க. "படம் வந்திருக்கு, பாருங்க"ன்னு டாக்டரம்மா கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்றது இன்னொண்ணு. சேதியெல்லாம் வரிசையில நின்னு ஒவ்வொண்ணா போகும். மெசேஜ் க்யூ. அவ்வளவுதான், பயந்துடாதீங்க!

படத்தை இறக்குறது ஆரோன் வேலை. சேதி அனுப்புறது இசக்கியப்பன் வேலை. ரெண்டையும் இணைச்சு வச்சது அவங்க ரெண்டு பேரும்தான். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரே டிபன் பாக்ஸ்ல கைய விட்டுச் சாப்பிட்டவங்க.

இசக்கி புது வீடு கட்டினான். பால் காய்ச்சுறதுக்குப் பத்திரிகைய வாட்ஸ்அப் குரூப்ல போட்டான். ஆரோனுக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "ஆபீசுக்கே போட்ட மாதிரி எனக்கும் போட்டுட்டான்ல? நேர்ல ஒரு வார்த்தை கூப்பிட்டானா?" போகல. அங்க இசக்கிக்குக் கோவம். "அவனுக்குத் தனியா அழைப்பு வைக்கணுமோ? அவன் என்ன விருந்தாளியா? கூட நின்னு செய்ய வேண்டியவன்தானே?" அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு. யார் பக்கம் தப்பு? ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு... கஷ்டமே அதுதான்.

இப்படி இருக்கையில கிளைகளுக்குப் புது கேமரா வந்துச்சு. படம் பளிச்சுன்னு தெளிவா இருக்கும், ஆனா ரொம்பப் பெருசு. இறங்க நேரமாகும். சேதியோ பொடிசு, பொசுக்குன்னு போயிடும். இசக்கி என்ன செஞ்சு வச்சிருந்தான்? படம் இறங்க ஆரம்பிச்ச உடனே சேதி போற மாதிரி. பழைய சின்னப் படத்துக்கு அது சரி. இப்ப? கல்யாண வீட்ல சோறு உலையில கொதிச்சிக்கிட்டு இருக்கையிலயே, மைக்ல "பந்தி ரெடி, வாங்க"ன்னா என்ன ஆகும்? மனுஷன் முணுமுணுத்துக்கிட்டாவது காத்திருப்பான். டாக்டரம்மா கம்ப்யூட்டர் மெஷின்தானே, காத்திருக்குமா? வந்து பார்க்கும். பாதிப் படம்தான் இருக்கும். "படம் சரியில்லை, மறுபடி எடுக்கவும்"னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும்.

இது ஆரோனுக்குத் தோணாம இல்ல. கேமரா வந்த அன்னைக்கே தோணுச்சு. 'முழுசா இறங்கின பிறகு சேதிய விடுலே'ன்னு சொல்லலாம்னு நாற்காலியத் திருப்பிட்டான். இசக்கி யார்கிட்டயோ போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தான். 'நான் பேசலேங்கிற வருத்தம் கொஞ்சமாவது இருக்கா பாரு...' நாற்காலிய மறுபடி இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். 'வேணும்னா அவன் கேக்கட்டும்.'

இசக்கி கேட்டானா? கேக்கல. 'படம் பெருசாச்சுன்னா அவன்தானே சொல்லணும்?'

அந்த வாரம் ஒரு கிளைக்கு பால்துரைன்னு ஒருத்தர் வந்தார். மினிபஸ் டிரைவர். "கண்ணுக்குள்ள கருப்பா ஒரு திரை இறங்குற மாதிரி இருக்கும்மா." படம் எடுத்தாங்க. படம் கிளம்புச்சு. சேதி முந்திக்கிச்சு. மெஷின் பாதிப் படத்தைப் பார்த்துச்சு, தள்ளிடுச்சு. கிளையில இருந்த பொண்ணு, "படம் சரியா விழலையாம்ணே, அடுத்த வாரம் வாங்க, திரும்ப எடுப்போம்"னுச்சு. அந்த நேரம் டாக்டரம்மா டவுன்ல சும்மா உக்காந்திருந்தாங்க... பார்க்கத்தான் படம் இல்ல.

அடுத்த வாரம் அந்தக் கண்ணே இருட்டிப்போயி, கிளைக்குப் போகாம நேரா டவுனுக்கே வந்தார். டாக்டரம்மா பதறிட்டாங்க. "விழித்திரை முழுசாப் பிரிஞ்சிடுச்சேய்யா! போன வாரமே வந்திருக்கக் கூடாதா?"

"வந்தேனேம்மா..."

ஆபரேஷன் பண்ணினாங்க. பார்வை வரல. வலது கண் போச்சு. அதோட பஸ் ஓட்டுறதும் போச்சு.

எங்க தப்புன்னு தோண்டினாங்க. தோண்டினது யாரு? இவங்க ரெண்டு பேரும்தான். ரொம்ப நாள் கழிச்சு இசக்கி வாயத் திறந்தான்.

"உனக்கு இது தெரியுமாலே?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? வாங்கி வச்ச டீ ஆறல... வேலை முடிஞ்சிடுச்சு.

ரெண்டு பேரும் பால்துரை வீட்டுக்குப் போனாங்க. எல்லாத்தையும் ஒளிக்காம சொன்னாங்க. அவர் கேட்டுக்கிட்டே இருந்தார். அவர் சம்சாரம்தான் கேட்டாங்க: "நீங்க ரெண்டு பேரும் வேற வேற ஊர்லயா தம்பி இருக்கீங்க?"

"...இல்லக்கா. பக்கத்துப் பக்கத்து நாற்காலி."

அந்த அம்மா எழுந்தாங்க. உள்ள போயிட்டாங்க. பால்துரை சொன்னார், "மன்னிச்சிட்டேன் தம்பி. போயிட்டு வாங்க."

மன்னிப்பு கிடைச்சிடுச்சு. கண்ணு?

ஆரோன் என்கிட்ட சொல்லி அழுதான். "ஐயா, நான் யாருக்கும் கெட்டது செய்யலையே"ன்னான். வாஸ்தவம், செய்யல. பேசல, அவ்வளவுதான். பிரியமானவங்களே, நாம பேசாம இருந்தா அது நமக்கும் அவனுக்கும் நடுவுல உள்ள விஷயம்னு நினைக்கிறோம். இல்லீங்க! நம்ம ரெண்டு பேரையும் நம்பி நடுவுல ஒருத்தர் நிக்கிறார். அண்ணன் தம்பி பேசலேன்னா நடுவுல அம்மா. புருஷன் பொண்டாட்டி பேசலேன்னா நடுவுல பிள்ளைங்க. நம்ம வீம்புக்கு அவங்க கண்ணுதான் போகுது. அப்புறம் நாம கட்டிப்பிடிச்சு அழுதாலும், மன்னிப்புதான் வரும்... பார்வை வராது.

இந்த மண்டபத்துலயே, இந்த வரிசைகள்லயே, முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க இருக்கீங்க. எனக்குத் தெரியும். யாருன்னு சொல்லமாட்டேன். நான் மைக்கை அணைச்சிடறேன். எழுந்து போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க.

நான் நிக்கிறேன்... போங்க.