இருநூற்றைம்பத்தாறு நிறங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் அதன் பெட்டியில் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பை ஒரு தடவை தொட வேண்டும். அருப்புக்கோட்டைக் காற்றில் ஈரம் கிடையாது. டெரிகாட்டன் சட்டை போட்டவன் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே உடம்பில் மின்சாரம் ஏறிவிடும். நமக்கு அது உறைக்காது. சிப்பு செத்துவிடும். பலர் இதைச் செய்வதில்லை. நான் எப்போதும் செய்வேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். நீங்கள் கேட்பது அந்தப் படத்தைப் பற்றி. படம் புரிய வேண்டுமானால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கார்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

பஜாரில் நான் ஸ்டுடியோ வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றைந்தில் கம்ப்யூட்டர் வாங்கினேன். கல்யாணப் பத்திரிகை அடிப்பது, கிழிந்த பழைய படங்களைச் சரிசெய்வது, இவைதான் வேலை. தமிழ் டைப் அடிக்க ஆள் வேண்டியிருந்தது. பாலவனத்தத்திலிருந்து மாரீஸ்வரி வந்தாள். மொக்கையன் மகள். அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். பிளஸ் டூ படித்திருந்தாள். மவுஸைப் பார்த்ததே இல்லை. கையில் எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஒருவருக்கு விளக்கி, அவர் கண்ணில் அது புரிந்துவிட்டது என்று தெரியும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறெதிலும் வந்ததில்லை. முதல் வருஷம் அவள் அப்படித்தான் கேட்டாள். தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க. உதாரணத்துக்கு, எங்கள் கம்ப்யூட்டரில் ஏன் முகங்கள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று ஒருநாள் கேட்டாள். திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதை கிராபிக்ஸ் கார்டுதான் நினைவில் வைத்துக்கொள்ளும், பழைய கார்டில் நினைவு குறைவு, அதனால் மொத்தமே இருநூற்றைம்பத்தாறு நிறம்தான் காட்டும் என்றேன். எண்ணைக் கேட்டால் நிறைய மாதிரி தோன்றும். ஒரு மனித முகத்துக்கு அது போதாது. கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். உண்மையில் படம் உள்ளே ஒழுங்காகத்தான் இருக்கிறது, காட்டுகிற கார்டுக்குத்தான் வக்கில்லை என்றேன். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஏதாவது விளக்க ஆரம்பித்தால், "தெரியும்ணே" என்பாள். சத்தமாகச் சொல்லமாட்டாள். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வாள். உங்களை யாராவது தினமும் அப்படி நடத்தியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. கன்னத்தில் அறைந்தால்கூட அறைகிறவன் நம்மைப் பார்த்துத்தான் அறைய வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் புதுக் கார்டு வாங்கினேன். மதுரையில் எல்லாக் கடையிலும் புது மாதிரிதான் வைத்திருந்தார்கள். எங்களுடையது பழைய போர்டு. அதிலிருக்கும் வெள்ளைச் சொருகலில் உட்காருகிற கார்டு வேண்டும் என்று அலைந்து பிடித்தேன். நான் அதை மாட்டிய அன்று கடையில் கூட்டம். கோகிலாம்பாள் டீச்சர் பள்ளி ஆண்டுவிழாப் படங்களுக்காக உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் விளக்கியபடியே செய்தேன். பழைய கார்டின் திருகைக் கழற்றி, புதுக் கார்டின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, இரண்டு முனையையும் சமமாக அழுத்தி உட்காரவைத்தேன். சுவிட்சைப் போட்டேன். விண்டோஸ் தொடங்கும்வரை வந்தது. அப்புறம் திரை இருண்டுவிட்டது.

திரும்பக் கழற்றி மாட்டினேன். மறுபடி இருண்டது. மாரீஸ்வரி எழுந்து வந்தாள். "அண்ணே, பழைய கார்டோட டிரைவர் புரோகிராமை எடுக்காம மாட்டிட்டீக," என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என்னவோ அழுத்தினாள். திரை வந்தது. முகங்கள் முகங்களாக இருந்தன.

டீச்சர் சிரித்துவிட்டு, "சௌந்தரபாண்டி, இனிமே புள்ள கம்ப்யூட்டரைப் பாக்கட்டும். நீங்க எல்லாருக்கும் காபி வாங்கிட்டு வாங்க," என்றார். கடையே சிரித்தது. மாரீஸ்வரி சிரிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் தன் இடத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மறு வருஷக் கோடையில் அவள் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். சொந்தமாகக் கடை வைக்க லோன் கிடைத்துவிட்டதாம். திருச்சுழியில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஓர் அறை பார்த்திருந்தாளாம். அங்கே மனு அடிக்க வருகிறவர்கள் ஏராளம். நல்ல யோசனைதான். நான் கோபப்படவில்லை. இரண்டு நாள் வந்து எல்லாவற்றையும் மாட்டித் தருகிறேன், மின்சாரம் அங்கே ஏறி இறங்கும், அதற்கு என்ன செய்வது என்று விளக்குகிறேன் என்றேன்.

"வேண்டாம்ணே. அதெல்லாம் தெரியும்ணே," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. படத்தை அன்று செய்தேன்.

ஸ்டுடியோவுக்குப் புதுப் பின்திரை வந்தபோது, வெளிச்சம் பார்க்க அவளைத் தாவணியோடு நிற்கவைத்து ஒரு படம் எடுத்திருந்தேன். அவளுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். ஜெயபாண்டி என்ற பையன் துபாய் போவதற்குமுன் நண்பனோடு எடுத்த படமும் என்னிடம் இருந்தது. அவன் எந்தத் தெருக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். பாலவனத்தத்தில் அது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. அவனைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம். கூப்பிட்டுக் கேட்க முடியாத தூரத்தில் இருந்தான் என்பது இன்னொரு காரணம்.

நண்பனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவளை வைத்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். அதனால் அவளைத் திருப்பி, அவனைப் பார்க்கவைத்தேன். தோளும் தோளும் சேருகிற இடம்தான் கஷ்டம். பழைய கார்டில் அந்த விளிம்பைப் பார்த்துச் சரிசெய்யவே முடிந்திருக்காது. புதுக் கார்டில் ஒவ்வொரு நிழலும் தெரிந்தது. பொறுமையாகக் கலந்தேன். பெரிதாக அச்சடித்து, அதையே கேமராவில் பிடித்து, சிறிதாகக் கழுவினேன். அப்படிச் செய்தால் அச்சுப் புள்ளிகள் மறைந்துவிடும். உண்மையான போட்டோத்தாளில் உண்மையான போட்டோ. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அது. மொக்கையன் பெயருக்குத் தபாலில் அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அவளை வீட்டோடு நிறுத்துவார்கள், கடை திறக்க விடமாட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்றுவரை உங்களிடம் சொன்னேன்.

இனி சொல்லப்போவதை நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாததால் கேட்கவில்லை.

படம் கிடைத்த மறுநாள் மொக்கையன் என் கடைக்கு வந்தார். துண்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, படத்தைப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீங்க. அவளுக்குத் தொழில் சொல்லிக்குடுத்த மனுசன். அவ மூஞ்சில விட்டெறிஞ்சு, அடிச்சு, ரூம்புல பூட்டிப் போட்டிருக்கோம். வீட்டுல மத்த பொம்பளைகளுக்குக்கூடக் காட்டல. மகன் அருவாளத் தூக்கிட்டு நிக்கான். பாத்துட்டு வாரேன்னு சொல்லித்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். நீங்க பொய்யினு சொல்லுங்க, இங்கனயே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

நான் படத்தை வாங்கி, பூதக்கண்ணாடியை எடுத்தேன். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "அவ கம்ப்யூட்டர்ல ஒட்டுனதுங்கா. மாராப்பு எடது தோளுலதான கெடக்கணும், இதுல வலதுல கெடக்கு, என்னையத் திருப்பிப் போட்டிருக்காகன்னு சொல்லி அழுகுறா."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. அவளைத் திருப்பியபோது தாவணியும் திரும்பிவிட்டது. அந்த ஞாயிறு முழுக்க அதை நான் கவனிக்கவில்லை. அடிபட்டு, அறையில் பூட்டப்பட்டு, முகத்தில் விட்டெறியப்பட்ட படத்தைப் பார்த்த ஒரு நிமிஷத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அவள் என் முன்னால் நின்று, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அதைச் சொல்வது போலவே எனக்குக் கேட்டது.

மொக்கையனுக்குப் பொறுமையாக விளக்கினேன். நெகட்டிவ்வைப் புறம் மாற்றி வைத்துக் கழுவினால் இடது வலதாகிவிடும், ஸ்டுடியோக்களில் அடிக்கடி நடக்கிற தவறு என்றேன். ஒரு பழைய நெகட்டிவ்வை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். அது உண்மைதான். ஆனால் அப்படி நடந்திருந்தால் பக்கத்தில் நிற்கிறவனும் திரும்பியிருக்க வேண்டும். ஜெயபாண்டியின் சட்டைப் பை இடது பக்கம்தான் இருந்தது. மொக்கையன் அதைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

"அப்ப ஒட்டு இல்லையா?" என்றார்.

"ஒட்டு இல்லண்ணே," என்றேன்.

படத்தைத் துண்டுக்குள் திரும்பச் சுற்றினார். பாலவனத்தம் வழியாகப் போகிற விருதுநகர் பஸ் எப்போது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

மாரீஸ்வரி கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். அந்தக் கோடையில் பாலவனத்தத்துக் கிணறுகளில் குடத்தை முக்கி எடுக்கக்கூடத் தண்ணீர் இல்லை. பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். நான் போய் மாலை போட்டேன்.

அவள் அம்மா மாயக்காள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த தாவணிப் படம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதையும் ஒட்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நல்லது. அந்தத் தோளில் எப்படி விளிம்பே தெரியாமல் சேர்த்தேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்கமாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன்.

நான் அவள்மேல் வன்மம் வைத்திருந்ததாக எழுதிக்கொள்கிறீர்கள். அது சரியல்ல. அவ்வளவு கெட்டிக்காரி, படம் திருப்பப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தவள், திருப்பியது யார் என்று தெரியாமலா இருந்திருப்பாள்? அப்பாவை அனுப்பாமல் அவளே ஒரு தடவை வந்து, எப்படிச் செய்தீர்கள் அண்ணே என்று கேட்டிருந்தால் போதும். உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கியிருப்பேன்.