ஸ்டெஃபியின் அம்மா வரமாட்டார்

தேவகுமாரி: ...அதுதானுங்க டீச்சர், நாளைக்கு என்னால வர முடியாதுங்க. நொம்பக் காய்ச்சலு.

ஞானசுந்தரி டீச்சர்: வர முடியாதுன்னு சொல்றதுக்கு, காய்ச்சலோடவா மஞ்சக்குட்டையில இருந்து ஜீப் ஏறி வந்தீங்க?

தேவகுமாரி: சொல்லாம இருந்தா மரியாதை இல்லீங்களே...

டீச்சர்: கையக் குடுங்க பாப்போம். அட, ஜில்லுன்னு இருக்குதே!

தேவகுமாரி: நாளைக்குத்தானுங்க காய்ச்சல் வரும்.

டீச்சர்: ஓஹோ, தேதி சொல்லிட்டு வர்ற காய்ச்சலா?

தேவகுமாரி: சிரிக்காதீங்க டீச்சர். எம் புள்ள ஸ்டெஃபி இந்தப் பக்கம் வந்துருவாளுங்களா?

டீச்சர்: மணி அடிக்க இன்னும் நேரம் இருக்குது. ஏன், அவளுக்குத் தெரியாம வந்தீங்களா?

தேவகுமாரி: இல்லீங்க... ஆமாங்க.

பென்னி: அக்கோவ்! ஜீப்புல ஆள் நெறைஞ்சாச்சு. எடுக்கட்டுங்களா?

தேவகுமாரி: ரெண்டே நிமிசம், பென்னி. ஹாரன் அடிக்காத சாமி, பள்ளிக்கூடம்!

டீச்சர்: இங்க பாருங்க. ஏழாம் வகுப்புல தொழில்களப் பத்தி ஒரு பாடம் நடத்தறேன். புத்தகத்துல டாக்டர் படம், வக்கீல் படம், பைலட் படம். எங் கிளாஸ்ல முப்பத்தொரு புள்ளைங்க. யாரு ஊட்லயாவது பைலட் இருக்காங்களா? அதுதான் வெள்ளிக்கிழமைக்கு ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து, அவுங்க வேலையப் பத்திப் பேசட்டும்னு வெச்சேன். போன வாரம் திவ்யாவோட அம்மா வந்தாங்க. ஏரிக்கிட்ட பஜ்ஜி போடறவங்க. ஒரு மணி நேரம் ஒரு புள்ள சத்தம் போடல.

தேவகுமாரி: அத்தன நல்லாப் பேசுனாங்களா?

டீச்சர்: எங்கீங்க! எல்லாரு வாயிலயும் பஜ்ஜி. நாளைக்கு நோட்டுல உங்க பேருதான் இருக்குது.

தேவகுமாரி: எனக்குப் பேச வராதுங்க டீச்சர். அதுவுமில்லாம எங்க எஸ்டேட் ரைட்டரு லீவு தரமாட்டாரு.

டீச்சர்: ரைட்டரா? ஆபீஸ்ல உக்காந்து வேலையாளுங்க பேரெழுதற ரைட்டரே நீங்கதான்னு ஸ்டெஃபி சொன்னாளே?

தேவகுமாரி: ஆமாங்க... நானும் ரைட்டருதான்... இவரு பெரிய ரைட்டரு...

பென்னி: யாரு, அக்காவா ரைட்டரு? நல்லாக் கேட்டீங்க டீச்சர்! ஒத்தை மூங்கில் ஏணியச் சாத்தி, சில்வர் ஓக் மரத்துல நாப்பது அடி ஏறி மொளகு பறிக்கிற ஒரே பொம்பள எங்க அக்காதான். கீழ நின்னு பாத்தா எனக்கே தல சுத்தும்.

தேவகுமாரி: பென்னீ! போயி வண்டியில உக்காரு!

பென்னி: பெருமையாத்தானுங்க சொன்னேன்...

டீச்சர்: மொதல்ல இப்படி உக்காருங்க.

தேவகுமாரி: அவன் சொன்னது நெசந்தானுங்க. ஸ்டெஃபியோட அப்பா தவறுனப்பறம், அவரு சட்டையப் போட்டுக்கிட்டு நாந்தான் ஏறறேன். புள்ள டவுன்ல படிக்கிறா. கூட்டாளிங்க கேட்டப்ப, எங்கம்மா ரைட்டருன்னு சொல்லிப்போட்டா. பக்கத்து ஊட்டுப் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

டீச்சர்: அவகிட்டக் கேட்டீங்களா?

தேவகுமாரி: இல்லீங்க. கேட்டா தல குனிஞ்சு நிப்பா. அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நீங்க கூப்புட்டு அனுப்புன சீட்டக் குடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா... அப்பவே புரிஞ்சு போச்சு.

டீச்சர்: அழாதீங்க...

தேவகுமாரி: மரத்து உச்சியில வராத பயம், உங்க வகுப்பு வாசல நெனச்சா வருதுங்க. நான் வந்து நின்னா அவ சொன்னது பொய்யின்னு தெரிஞ்சுரும். அப்பறம் மத்தப் புள்ளைங்க அவளச் சும்மா உடுவாங்களா? ஆண்டவருக்குத் தெரியும், எனக்காகக் கேக்கலீங்க. எம் பேர அடிச்சுருங்க டீச்சர்.

டீச்சர்: அடிக்க முடியாதுங்க.

தேவகுமாரி: ஏனுங்க? உங்க நோட்டு, உங்க பேனா...

டீச்சர்: எங் கையெழுத்து இல்லீங்களே அது.

பென்னி: அக்கா, வண்டியில எல்லாரும் என்னைய வையறாங்க!

தேவகுமாரி: இரு பென்னி! ...பின்ன யாரு டீச்சர் எழுதுனது?

டீச்சர்: உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், ஆண்டவர் என்னைய மன்னிக்கட்டும். திங்கக்கிழமை ஸ்டெஃபி அழுதுக்கிட்டே வந்தா. 'அம்மாவ ரைட்டருன்னு பொய் சொல்லிட்டேன் டீச்சர், அவுங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிரும்'னா. மறுநாள் யாரும் கேக்காமயே எந்திரிச்சு நின்னு, கிளாஸ்ல எல்லாருகிட்டயும் நெசத்தச் சொன்னா. சொல்லிட்டு வந்து நோட்டுல உங்க பேர எழுதுனா. ரெண்டு பேரு சிரிச்சாங்க, இல்லைங்கல. மத்த புள்ளைங்க எல்லாம், ஸ்டெஃபி அம்மா நாளைக்கு எந்த மரத்துல ஏறிக் காட்டுவாங்கன்னு ரெண்டு நாளா சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க!