வெறுங்கால் சப்பாத்து

பொகவந்தலாவையிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் காலில் புதுச் சப்பாத்து. அதன் அடிப்பாகம் ரொட்டியை விட மெல்லிசு.

“கொழும்புல இருந்து மகன் அனுப்புனான். வெறுங்காலா நடக்கிறவங்களுக்குன்னே செஞ்சதாம். போட்ட மாதிரியே இல்ல புள்ள.”

“கல்லு குத்தலையாக்கா?”

“ஒண்ணும் தெரியல. அம்புட்டு சொகம்.”

“இம்புட்டு மெல்லிசுன்னா கல்லு தெரியணுமே.” இளையவளின் குரல் இறங்கியது. “இதுக்கு முந்தி, மலையில வெறுங்காலா நிக்கையில தெரிஞ்சுச்சா?”

மூத்தவள் யோசித்தாள்.

“போன மாசம் ஆணி ஏறுனப்பகூட ரத்தத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுச்சு.”

“சீனி வருத்தத்துல எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. கடைசியில கால எடுத்துட்டாங்க.”

“எனக்குச் சீனியெல்லாம் இல்ல.”

“ரத்தத்துல சீனி எம்புட்டுன்னு சோதிச்சுப் பாத்தீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்?”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சும்மா பயங்காட்டாத. வேணும்னா என் கால மிதி. தெரியுதான்னு சொல்றேன்.”

“மிதிச்சுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்.”