மணல் தட்டும் நீலக் குப்பியும்

அன்று மாலை அரங்கத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் வயலினோடு என் மகள். அவளுக்கு ஜோடியாக வாசிக்கும் குழல்காரன். பக்கவாட்டில் ஒலிக்காரர். முன்வரிசையில் நானும் என் தங்கையும். பின்னால் சீட்டு வாங்கி வந்த ஜனங்கள். அவர்களை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.

எங்கள் வீட்டில் வயலின் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. மேடையில் வாத்தியத்தைத் தவிர வேறு பொருள் இருக்கக் கூடாது. எடுத்த உருப்படியை முடிக்காமல் வில்லை இறக்கக் கூடாது. தகப்பனார் போய்விட்ட செய்தி மேடைக்கே வந்தபோதும் நான் இறக்கவில்லை.

மகளும் குழல்காரனும் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு நீண்ட உருப்படி செய்தார்கள். பெரும்பாலும் மௌனம், நடுநடுவே காற்று. ஒரு தட்டில் மணலைப் பரப்பி, அதன் மேல் குழலைச் சாய்த்து ஊதுவான். மணல் நகர்வது ஒலிபெருக்கியில் கேட்கும். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, "என்னண்ணா, வரப்போற மாப்பிள்ளை ஊதுறாரா, வீடு கூட்டுறாரா?" என்று தங்கை என் காதைக் கடித்தாள்.

தூசி அவனுக்கு ஆகாது. இழுப்பு வந்துவிடும். அதனால் ஒரு நீல இன்ஹேலர் குப்பியை எப்போதும் காலடியில் வைத்துக்கொண்டுதான் வாசிப்பான்.

சுவரொட்டியில் எங்கள் குடும்பப் பெயர் இல்லை. மகளிடம் கேட்டேன்.

"அந்தப் பேரு இனிமே வேணாம்ப்பா. எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேரு வச்சுக்கிட்டோம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். வளர்ப்பு அப்படி. நானும் உயர்த்தவில்லை.

கச்சேரிக்கு முன் மேடையைச் சரிபார்ப்பது என் வழக்கம். குப்பி கண்ணை உறுத்தியது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாதியில் அவனுக்கு இழுக்கத் தொடங்கியது. ஜனங்கள் அதையும் பாலைவனக் காற்றென்று நினைத்துக் கண்களை மூடிக் கேட்டார்கள். ஒலிக்காரர் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். அவன் காலடியில் துழாவினான். பிறகு என்னைப் பார்த்தான். எழுந்து கையை நீட்டினால் எட்டும் தூரம். மகளும் என்னைப் பார்த்தாள். அவள் வில் தயங்கியது. வாசி என்று தலையசைத்தேன்.

வாசித்தாள். அவன் மணல் தட்டின் மேல் சரிந்த பிறகும், கண்ணீர் வழிய வழிய, கடைசி வரி வரை வாசித்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளை. ஆம்புலன்ஸ் வந்தபோது அவனிடம் உயிர் இல்லை.

குப்பியை மறந்து வந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். இதோ, இன்ஸ்பெக்டர், உங்கள் மேசையில் வைக்கிறேன். மகள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. துக்கம்தான் காரணம். நாளாக நாளாகத் தெளிந்துவிடுவாள்.

அவன் விழுந்ததை நடிப்பென்று எண்ணி அரங்கமே கைதட்டியதாக வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஒருவரும் தட்டவில்லை. உருப்படி முடிந்ததும் எழுந்து நின்று தட்டியது நான் மட்டும்தான்.