நிகழ்வுக்கு நிதி இல்லை

...நீங்களே சொல்லுங்கம்மா, மனுஷன் செத்த நேரம் கண்ண மூட விடறாங்களா? எழுப்பி எழுப்பி காய்ச்சல் பாக்கறாங்க. ஒரு பை ரத்தம் ஏறுது, அவ்வளவுதான? அதுக்கு சொட்டுக்கு சொட்டு காவலா? இடுப்பெலும்பு ஒடஞ்சு கெடக்கறேன், எந்திரிச்சு ஓடவா போறேன்? இனிமே கூப்பிட்டா வந்தா போதும்னு சிஸ்டர வெரட்டி விட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரு. பக்கத்துக் கட்டில்ல என்னமா கொறட்ட விடறாரு பாருங்க.

இந்தக் கண்காணிக்கற வியாதி இருக்கே, அது மேல வரைக்கும் இருக்கும்மா. நான் நிதித் துறை. கஜானா சாவி நம்மகிட்ட இல்ல, ஆனா கையெழுத்து நம்மளோடது. போன வருஷம் சுகாதாரத் துறையிலேர்ந்து ஒரு ஃபைல் வந்துது, தலகாணி கனம். என்ன வேணுமாம்? ரத்தம் ஏத்தினாலும் சரி, கிட்னி, ஈரல்னு மாத்தி வச்சாலும் சரி, அங்கங்க நடக்கற நிகழ்வுகள நாடு பூரா ஒரே எடத்துல பதிவு பண்ணணுமாம். அதுக்கு ஆளு, கம்ப்யூட்டரு, வருஷா வருஷம் பணம்.

நிகழ்வாம், நிகழ்வு. ஏம்மா, ஆஸ்பத்திரியில அப்படி என்ன நிகழ்வு? ஒருத்தர் ரிப்பன் வெட்டுவாரு, ஒருத்தர் மைக்கப் புடிச்சா விடமாட்டாரு, பெரிய டாக்டர் நடுவுல நின்னு பல்லக் காட்டுவாரு. அத வீடியோ புடிச்சு வைக்க நாங்க பணம் அழணுமா? நம்மகிட்ட அந்தப் பருப்பு வேகாது. "நிகழ்வுகளுக்கு நிதி இல்லை"ன்னு ஒரே வரி. ஃபைல அனுப்பின டாக்டரம்மா வெளக்கம் சொல்றேன்னு நடையா நடந்துது. உள்ள விட்டாதான?

ஸ்ஸ்... ஏசிய யாரு இப்படி வச்சது? பல்லு கிட்டிப் போகுது. கட்டிலு வேற, முதுகே ரெண்டா பொளந்துக்கும் போல. இந்த லட்சணத்துல இவங்களுக்கு நிகழ்வு ஒரு கேடு... என்ன? நடுங்கறேனா? ஏசிதாம்மா. சிஸ்டரயெல்லாம் கூப்பிடாதீங்க, இப்பதான வெரட்டினேன், மொகத்துல எப்படி முழிக்கறது? அட, எங்க எந்திரிச்சுப் போறீங்க? பேசிக்கிட்டிருக்கேன்ல... சரிதான். நல்லத சொன்னா எவ ஒக்காந்து கேக்கறா.

வந்துட்டீங்களா? கையோட கூட்டிக்கிட்டே வந்துட்டீங்க. சிஸ்டர், ஏன் நிறுத்தறீங்க, பாதிப் பை அப்படியே இருக்கே, வீணாப் போகுமில்ல... என்னது? அதுல கிருமி இருக்கலாமா? அடப்பாவிங்களா. நான் பொழச்சுக்குவேனா சிஸ்டர்? நெஜமாதான் கேக்கறேன், பயமா இருக்கு. ம்... நேரத்தோட பாத்தாச்சா. இந்தம்மா புண்ணியம்.

அப்புறம் ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? அதே ஆளு குடுத்த ரத்தத்தப் பிரிச்சு இன்னொரு பையும் போயிருக்கா? அப்ப ஏத்தாதீங்கன்னு சொல்லுங்க அவங்ககிட்ட. எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாதா? ரத்தக் கெடங்குக்குப் போயி அங்கேர்ந்து எங்கயோ... ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போன் பண்ணிக் கேக்கணுமா? அதுக்குள்ள அங்க ஒருத்தனுக்கு ஏத்திட்டா? ஒரே எடத்துல சொன்னா எல்லாருக்கும் போற மாதிரி ஒரு ஏற்பாடு கூடவா இல்ல இந்த நாட்டுல?

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க. இந்த மாதிரி ஆகறதுக்குப் பேருதான்... நிகழ்வா?

...அம்மா, நீங்க என்ன அப்படிப் பாக்காதீங்க.

சிஸ்டர், ஊசிய ஒரு கையில போடுங்க. இன்னொரு கையில போனக் குடுங்க. பாதி ஆஸ்பத்திரிங்கள நான் கூப்பிடறேன். நடுங்கினா நடுங்கட்டும்... ஹலோ, ஆஸ்பத்திரிங்களா? ரத்தம் ஏத்தறதுல இங்க ஒரு நிகழ்வு நடந்திருக்கு... இல்லைங்க, விழா இல்லைங்க. யாரையும் பேசக் கூப்பிடல. ஐயோ, நன்கொடையும் வேணாம். வச்சிடாதீங்க, வச்சிடாதீங்கம்மா...

வச்சிட்டாங்க.